வருடம் ஒரு மலை: நண்பர்களைக் கைவிடாமல் இருக்க ஒரு ட்ராகன்ஸ்பெர்க் வழிகாட்டி

கல்யாணம், குழந்தை, வீட்டுக்கடன், வேலை மாற்றல் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும்போது ஓர் ஆண் முதலில் கைவிடுவது நண்பர்களைத்தான். சண்டை எதுவும் நடப்பதில்லை. யாரும் யாரையும் வெறுப்பதில்லை. "ஒரு நாள் எல்லாரும் உட்காருவோம் மச்சான்" என்று வாட்ஸ்அப்பில் சொல்லிக்கொண்டே ஐந்து வருடம் ஓடிவிடும். பிறகு ஏதாவது ஒரு கல்யாணத்திலோ இழவு வீட்டிலோ பார்க்கும்போது பேச ஒன்றும் இருக்காது. வண்டி என்ன மாடல், பையன் எந்த வகுப்பு, அவ்வளவுதான்.

தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நமக்கு இது இன்னும் கடுமை. டர்பனில் பிறந்தவர்களின் கூட்டாளிகள் பலர் ஜோகன்னஸ்பர்குக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போய்விட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களுக்கு இங்கே பள்ளித்தோழன் என்று ஒருவனும் கிடையாது. முப்பதுக்கு மேல் தேடிப் பிடித்த நட்புதான் இருப்பது. அதையும் விட்டால் வேறில்லை.

எங்கள் குழுவை இத்தனை காலம் சேர்த்து வைத்திருப்பது வருடத்துக்கு ஒருமுறை ட்ராகன்ஸ்பெர்க் மலைக்குப் போவதுதான். சுலு மொழியில் உகாஹ்லாம்பா என்று அழைக்கப்படும் அதே மலைத்தொடர். எப்படிச் செய்வது என்று கேட்பவர்களுக்காக, தேதி குறிப்பதிலிருந்து மகன்களைக் கூட்டிப்போவது வரை எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விதிதான்: குழுவில் யார் முதலில் விட்டுப்போகக் கூடுமோ, அவனை மனதில் வைத்துத் திட்டம் போடுங்கள். பணம் குறைந்தவன், முட்டி வலிக்காரன், வீட்டில் கைக்குழந்தை உள்ளவன், மனம் உடைந்து கிடப்பவன். அந்த வருடம் அவன் வரமுடிந்தால் எல்லாரும் வருவார்கள்.

ஏன் மலை? உணவகம் போதாதா?

போதாது. கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் வேண்டும் என்று கண்டார். மாதம் ஒரு முறை இரண்டு மணி நேரம் சாப்பாட்டுக்குக் கூடினால் வருடத்துக்கு 24 மணி நேரம். மூன்று நாள் மலையில் இருந்தால் விழித்திருக்கும் நேரம் மட்டுமே 45. ஒரு நீண்ட வார இறுதி ஏறக்குறைய இரண்டு வருட விருந்துக்குச் சமம்.

நேரம் மட்டும் காரணமல்ல. பள்ளி முடித்து வெளியூர் போன மாணவர்களைப் பின்தொடர்ந்த ராபின் டன்பாரும் சக ஆய்வாளர்களும், பெண்களின் நட்பைப் பேச்சு காப்பாற்றுகிறது, ஆண்களின் நட்பைச் சேர்ந்து எதையாவது செய்வது காப்பாற்றுகிறது என்றார்கள். இதை மலையில் கண்ணாலேயே பார்க்கலாம். மேசைக்கு எதிரே உட்கார்ந்து "எப்படி இருக்கே?" என்றால் "நல்லாருக்கேன்" என்பதற்கு மேல் வராது. அதே ஆள், இருவரும் முன்னே பார்த்துக்கொண்டு மூன்று மணி நேரம் ஏறிய பிறகு, யாரும் கேட்காமலே, "டேய், எனக்கு வேலை போயிடும்போல இருக்கு" என்பான். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை; மூச்சு வாங்குகிறது என்று நடுவில் நிறுத்திக்கொள்ளலாம். அந்தச் சலுகை வேறெங்கும் கிடைப்பதில்லை.

முதலில் ஆட்கள்

நான்கு பேர் சிறப்பு, ஆறு வரை சமாளிக்கலாம். நான்குக்குக் காரணம் இருக்கிறது. மேலே ஒருவனுக்குக் கால் முறிந்தால் ஒருவன் அவனோடு இருக்க, மற்ற இருவர் சேர்ந்து இறங்கி உதவி கேட்கலாம். தனியாக யாரும் நடக்க வேண்டியிராது. இன்னொன்று, தூனி ஆட நான்கு பேர் வேண்டும்.

தூனி தெரியாதவர்களுக்கு: டர்பன் இந்தியர்களின் சீட்டாட்டம் அது. இருவர் இருவராக இரண்டு அணி, 24 சீட்டு, ஆளுக்கு ஆறு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்குப் பத்து, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, மொத்தம் 304. யாழ்ப்பாணத்தில் முந்நூற்று நாலு ஆடியவர்களுக்குப் பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். எங்களில் ஒருவர் டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்தவர், ஒருவர் வல்வெட்டித்துறைக்காரர். முதல் இரவில் அவர்களுக்குப் பொதுவாக இருந்தது இந்த ஒரு ஆட்டம்தான். சீட்டுக்கட்டை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், எடை நூறு கிராம்கூட இல்லை.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது உடல்பலத்தைப் பார்க்காதீர்கள். சொன்ன நேரத்துக்கு வருபவனா, களைத்துப்போனால் எரிந்து விழாதவனா என்று பாருங்கள். புதிதாக ஒருவரைச் சேர்ப்பதென்றால் முதலில் ஒருநாள் நடைக்கு அழையுங்கள். எல்லாரும் சரி என்றால் மட்டும் அடுத்த வருடப் பயணம். அலுவலக மேலாளரையும் அவருக்குக் கீழ் வேலை பார்ப்பவரையும் ஒரே குழுவில் போடாதீர்கள். மலையிலும் அவன் "சார்" என்றே கூப்பிட்டுக்கொண்டிருப்பான், மூன்று நாளும் வீண்.

ஒவ்வொரு வருடமும் ஒருவர் பொறுப்பாளர். இடம், பதிவு, உணவுப் பட்டியல் எல்லாம் அவர் கையில். அந்த வருடம் அவர் சொல்வதே முடிவு. அடுத்த வருடம் வேறொருவர். எப்போதும் ஒரே ஆள் இழுத்துக்கொண்டு போகும் குழு, அவர் சலித்துப்போகும் அன்று கலைந்துவிடும்.

தேதி

இதைச் சரியாகச் செய்தால் பாதி வேலை முடிந்தது. ஏப்ரல் 27 விடுதலை நாள், மே 1 தொழிலாளர் நாள். இரண்டுக்கும் நடுவில் சில நாள் விடுப்பு போட்டால் நீண்ட இடைவெளி கிடைக்கிறது. வானிலையும் அப்போதுதான் நம் பக்கம் இருக்கும். டிசம்பர், ஜனவரிக் கோடை மழை ஓய்ந்திருக்கும், ஓடைகளில் தண்ணீர் இருக்கும், பனி இன்னும் இறங்கியிருக்காது. கோவில் நாட்காட்டியோடும் மோதாது. தைப்பூசக் காவடியும் ஈஸ்டர் வாரத் தீமிதியும் முடிந்திருக்கும், சித்திரை வருடப்பிறப்பும் வந்துபோயிருக்கும்.

மற்ற விடுமுறைகளில் சிக்கல் உண்டு. ஜூன் 16 நல்ல வெயில், ஆனால் இரவில் மலை உச்சியில் பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி போகும். முதல் வருடக்காரர்களுக்கு ஏற்றதல்ல. ஆகஸ்ட் 9 பெண்கள் நாள், அன்று மனைவியை வீட்டில் விட்டுவிட்டு ஆண்கள் ஊர்சுற்றப் போவது சரியில்லை. போதாததற்கு ஆடிக்கூழ் காலம் வேறு. செப்டம்பர் 24 நல்ல தேதிதான், ஆனால் புரட்டாசியில் விழும். டர்பன் வீடுகளில் புரட்டாசி விரதம் எவ்வளவு கண்டிப்பு என்று தெரியுமல்லவா? அப்போது போனால் முழுக் குழுவும் சைவம் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். விரதக்காரன் ஒருவன் தனியாகச் சோறு பொங்கிக்கொண்டு உட்காரக் கூடாது. டிசம்பர், ஜனவரி வேண்டாம். மத்தியான இடிமழை அன்றாட விஷயம்.

அடுத்த வருடத் தேதியை இந்த வருடப் பயணம் முடிவதற்குள் குறித்துவிட வேண்டும். நாங்கள் என்3 நெடுஞ்சாலையில் மூய் ரிவர் சுங்கச்சாவடிக்கு முன்பே முடித்துவிடுவோம். கால் வலியும் சந்தோஷமும் ஒன்றாக இருக்கும் அந்த நேரத்தில் யாரும் "பாத்துட்டு சொல்றேன்" என்று சொல்வதில்லை. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆனால் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள்.

பணமும் வீடும்

இந்த நாட்டில் ஸ்டாக்வெல் என்று ஒரு வழக்கம் உண்டு, நம் ஊர்ச் சீட்டு போலவே. மாதாமாதம் எல்லாரும் ஒரே தொகையைப் பொதுக் கணக்கில் போடுங்கள். நான்கு பேர் மாதம் 300 ரேண்ட் வீதம் போட்டால் வருட முடிவில் 14,400. பெட்ரோல், அனுமதிச்சீட்டு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அதிலிருந்து. தொகையை நிர்ணயிப்பது குழுவில் வருமானம் குறைந்தவர். அவரிடம் நேரில் கேட்காதீர்கள். ஒவ்வொருவரும் தன்னால் முடிந்ததைப் பொறுப்பாளரிடம் தனியாகச் சொல்லட்டும். அதில் மிகக் குறைந்ததே எல்லாருக்கும் தொகை. பணம் இடிக்கும் வருடத்தில் விடுதிக்குப் பதில் கூடாரம். மலை ஒன்றுதானே.

வேலை போனவனுக்காக மற்றவர்கள் சேர்ந்து கட்டுவதென்றால் பொதுக் கணக்கிலிருந்தே கட்டுங்கள். யார் எவ்வளவு போட்டார் என்று அவனுக்குத் தெரியவே கூடாது. நன்றி சொல்லிக்கொண்டே நடப்பவனால் நண்பனாக நடக்க முடியாது.

வீட்டைப் பற்றிச் சுருக்கமாக: நீங்கள் மூன்று நாள் போகிறீர்கள் என்றால், அதே வருடத்தில் மனைவிக்கும் மூன்று நாள். அவர் எங்கே போகிறார், யாரோடு போகிறார் என்பது அவர் விருப்பம். வீட்டையும் பிள்ளைகளையும் நீங்கள் பார்க்கிறீர்கள். இதைச் செய்யாத வீடுகளில் நான்காவது வருடம் ஒரு சாக்கு வந்துவிடும்.

எந்த வருடம் எந்தப் பாதை

முதல் வருடமே 3,000 மீட்டர் சிகரத்தைக் குறிவைத்தால் ஒருவன் பாதியில் நின்றுவிடுவான், மறுவருடம் வரமாட்டான். படிப்படியாக ஏறுங்கள்.

முதல் வருடம் ராயல் நேட்டல் தேசியப் பூங்காவில் தூகேலா பள்ளத்தாக்கு நடை. போய்வர ஏறக்குறைய 14 கி.மீ., பெரும்பாலும் சமதளம், ஆற்றை ஒட்டிய பாதை, கடைசியில் பாறை தாவல். எதிரே ஆம்ஃபிதியேட்டர் என்று அழைக்கப்படும் பாறைச்சுவர் ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கும். டர்பனிலிருந்தும் ஜோகன்னஸ்பர்கிலிருந்தும் வருபவர்கள் ஏறக்குறைய ஒரே நேரம் வண்டியோட்டி வந்துசேரலாம், அதனால் பிரிந்து கிடக்கும் குழுவுக்கு மிக வசதி.

இந்த முதல் பயணத்துக்கு உங்களில் யாருடைய அப்பாவாவது இந்த நாட்டில் பிறந்தவர் என்றால் அவரையும் அழைத்துப் போங்கள். 1953-ஆம் ஆண்டுச் சட்டம் கடற்கரைகளையும் பூங்காக்களையும் தங்குமிடங்களையும் நிறவாரியாகப் பிரித்துவைத்திருந்தது. அது ரத்தானது 1990-இல்தான். 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்றதிலிருந்து நம்மவர்கள் நேட்டலில் கரும்பு வெட்டியிருக்கிறார்கள், ரயில்பாதையில் உழைத்திருக்கிறார்கள். ஆனால் இந்த மலையைச் சாலையிலிருந்து பார்த்துவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். என் சாட்ஸ்வொர்த் நண்பரின் அப்பா எழுபது வயதுக்கு மேல்தான் முதன்முதலாக அந்தப் பள்ளத்தாக்கில் கால் வைத்தார். முதல் இரண்டு கிலோமீட்டர் எங்களோடு நடந்தார், ஆற்றோரம் உட்கார்ந்தார், நாங்கள் திரும்பும்வரை அங்கேயே இருந்தார். அவர் மகன் அன்று அப்பாவைப் பற்றி எங்களிடம் சொன்னதெல்லாம் அதுவரை யாரிடமும் சொல்லாதது.

இரண்டாம் வருடம் சென்டினல் சங்கிலி ஏணிகள். அதே ஆம்ஃபிதியேட்டரின் மேலே போவது. ஹாரிஸ்மித், புதாதிட்ஜாபா வழியாக வண்டியிலேயே ஏறக்குறைய 2,500 மீட்டர் உயரம் வரை போய்விடலாம். கடைசித் துண்டு மோசமான மண்சாலை, தரை உயரமான வண்டி வேண்டும். அங்கிருந்து போய்வர 12 முதல் 14 கி.மீ. நடுவில் செங்குத்துப் பாறையில் இரும்புச் சங்கிலி ஏணிகள். மேலே ஏறினால் தூகேலா அருவி விழத் தொடங்கும் இடத்துக்கே போகலாம். பல தாவல்களாக 948 மீட்டர் விழும் அருவி, உலகின் மிக உயரமானவற்றில் ஒன்று. மழை ஓய்ந்து பல மாதம் ஆகியிருந்தால் நூல்போலத்தான் இருக்கும், அதனால்தான் ஏப்ரல் என்கிறேன்.

ஏணியில் உயரப் பயம் உள்ளவன் நடுவில். முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன். கீழே பார்க்காதே என்று கத்த வேண்டாம். "அடுத்த படி மட்டும்" என்று சொன்னால் போதும். ஏறவே முடியாதென்றால் பக்கத்தில் ஒரு செங்குத்து ஓடை வழியாகவும் பாதை இருக்கிறது, ஏணி இல்லை, மூச்சுதான் அதிகம் வாங்கும். அதுவும் வேண்டாமென்றால் ஏணியடியில் ஒருவன் துணைக்கு இருக்கட்டும். யாரையும் தனியாக விட்டு மேலே போகாதீர்கள், அருவி எங்கும் போகாது.

மூன்றாம் வருடம் குகையில் ஓர் இரவு. பூங்காவை நிர்வகிக்கும் எசெம்வெலோ அமைப்பிடம் குறிப்பிட்ட குகைகளை முன்பதிவு செய்துகொள்ளலாம்; அந்த இரவு உங்கள் குழு மட்டும்தான் அங்கே. இந்த மலையின் பழங்குடிகளான சான் மக்களின் பாறை ஓவியங்கள் உள்ள குகைகளில் தங்க அனுமதி இல்லை. ஓவியங்களைத் தொடவோ தெளிவாகத் தெரிய வேண்டும் என்று தண்ணீர் தெளிக்கவோ கூடாது. இந்த மலைத்தொடர் 2000-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானதற்கு அந்த ஓவியங்களும் ஒரு காரணம்.

அதற்குப் பிறகு உங்கள் விருப்பம். பல நாள் நடக்க ஆசையென்றால் சானி கணவாய்ப் பக்கம் தொடங்கித் தெற்கே போகும் ஜயன்ட்ஸ் கப் பாதை, ஏறக்குறைய 60 கி.மீ., ஐந்து நாள். நடுவே உள்ள குடில்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சிகரம் வேண்டுமென்றால் கதீட்ரல் பீக், 3,004 மீட்டர். ஒரே நாளில் ஏறக்குறைய 1,500 மீட்டர் ஏறி இறங்க வேண்டும், கடைசிப் பகுதி கையும் காலும் வைத்து ஏறும் பாறை. அதற்குக் கீழே உள்ள கணவாயோடு திரும்பினாலும் முழுப் பயணம்தான். கடலோரம் பிடித்தவர்களுக்கு ஸ்டார்ம்ஸ் ரிவர் முகத்துவாரத்திலிருந்து நேச்சர்ஸ் வேலி வரை ஐந்து நாள் ஆட்டர் பாதை. ஒரு நாளைக்கு 12 பேருக்குத்தான் இடம் என்பதால் ஒரு வருடம் முன்பே பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

வண்டிப் பிரியர்களுக்குச் சானி கணவாய் இருக்கிறது. 2,876 மீட்டர் உயரத்தில் லெசோத்தோ எல்லை, ஃபோர் பை ஃபோர் வண்டி கட்டாயம், கடவுச்சீட்டு கட்டாயம். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் லெசோத்தோ விசா விதியையும், தென்னாப்பிரிக்காவுக்குள் திரும்ப நுழையத் தங்கள் அனுமதி இடம் கொடுக்கிறதா என்பதையும் பல வாரம் முன்பே பார்த்துவிட வேண்டும். நால்வரில் ஒருவருக்குச் சிக்கல் என்றால் அந்த வருடம் சானி வேண்டாம்.

மூன்று மாதப் பயிற்சி

சனிக்கிழமை காலை டர்பன் நார்த் பீச்சில் பார்க்ரன் நடக்கிறது. 5 கி.மீ., இலவசம், ஓடலாம் நடக்கலாம். ஜோகன்னஸ்பர்கிலும் பல இடங்களில் உண்டு. ஊர் வேறாக இருந்தாலும் ஒரே காலையில் எல்லாரும் நடந்துவிட்டுக் குழுவில் நேரத்தைப் போடுங்கள். பிப்ரவரியிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டர்பனுக்கு அருகே க்ளூஃப் ஊரிலுள்ள க்ரான்ஸ்க்ளூஃப் காப்பகத்தில் இறங்கி ஏறுங்கள், மார்ச் முதல் முதுகுப்பையில் எடை போட்டு. புதிய காலணியை மலையில் முதன்முதலாகப் போடாதீர்கள். இந்தப் பயிற்சியிலேயே பழகிவிட வேண்டும்.

நம்மவர்களில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இல்லாத குழு அபூர்வம். மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் 3,000 மீட்டர் உயரத்தில் நாள்முழுதும் நடக்கப்போவதாகச் சொல்லி ஆலோசனை பெறட்டும். என்ன மருந்து, எப்போது என்பது குழுவில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும்: பகலில் உள்சட்டைப் பையில், இரவில் தூக்கப்பைக்குள் உடம்போடு. சர்க்கரை பார்க்கும் கருவியும் அதிகக் குளிரில் சரியாக வேலை செய்யாது, அதையும் கதகதப்பாக வைத்திருங்கள். குளுக்கோஸ் மாத்திரையை இருவர் பையில் பிரித்து வையுங்கள்.

மூட்டையும் சாப்பாடும்

பையின் எடை உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கூடாரம், அடுப்பு, சமையல் பாத்திரம் எல்லாம் பொது; பிரித்துச் சுமக்க வேண்டும். அந்த வருடம் உடம்பு முடியாதவன் பையிலிருந்து எடையை எடுக்க வேண்டுமென்றால் புறப்படும் முன் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள், நடுவழியில் எல்லார் முன்னும் அல்ல.

ஒவ்வொருவருக்கும்: மழைக்கோட்டு, கம்பளிச் சட்டை, தொப்பி, கையுறை, நெற்றி விளக்கு, விசில், குளிர்காலத்துக்கேற்ற தூக்கப்பை. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. செல்பேசி பல இடங்களில் எடுக்காது. வரைபடத்தைத் தரவிறக்கியும் தாளிலும் வைத்துக்கொள்ளுங்கள். திறந்த நெருப்பு மூட்ட அனுமதியில்லை, கேஸ் அடுப்புதான்.

சாப்பாட்டில் நாம் யாருக்கும் கடன்படவில்லை. முதல் நாளுக்கு உருளைக்கிழங்குக் கறி சுருட்டிய ரொட்டி. புளியோதரை நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறினால் இந்தக் குளிரில் இரண்டாம் நாளும் கெடாது. இரவுக்கு டின் மீன் கறி. வெங்காயம், தக்காளி, மசாலாவை வீட்டிலேயே வதக்கி இறுக்கமாகக் கட்டி எடுத்துப்போனால் பத்து நிமிட வேலை, மக்காச்சோள மாவுக் களியோடு அருமையாகச் சேரும். நடக்கும்போது கொறிக்க வேர்க்கடலை, பேரீச்சை, அசைவக்காரர்களுக்குப் பில்டாங் என்ற உலர்த்திய இறைச்சி. நான்கு மணிக்கு இஞ்சித் தேநீர், அதைத் தவறவிடாதீர்கள். அன்றைய களைப்பெல்லாம் பேச்சாக மாறுவது அந்த நேரத்தில்தான். மது மேலே வேண்டாம். குளிரில் உடல் சூட்டை அது வெளியேற்றிவிடும், தவறான அடி வைக்க வைக்கும். காலி டின்னை நசுக்கித் திரும்ப எடுத்துவாருங்கள்.

மேலே உயிரோடு இருக்க

புறப்படும் இடத்தில் மலைப் பதிவேடு இருக்கும். பெயர், பாதை, திரும்பும் நேரம் எழுதாமல் ஓர் அடி வைக்காதீர்கள். தேட வேண்டி வந்தால் தேடுபவர்களுக்கு அது ஒன்றே துப்பு. வீட்டிலும் ஒருவருக்கு அதே விவரம். அவசரத்துக்குச் செல்பேசியிலிருந்து 112.

காலை ஆறு மணிக்கு நடக்கத் தொடங்குங்கள். கோடையில் மேகங்கள் மத்தியானத்துக்குள் திரண்டுவிடும். எங்கே இருந்தாலும் ஒரு மணிக்குத் திரும்புவது என்று கீழேயே முடிவு செய்துகொண்டு ஏறுங்கள். மேலே நின்றுகொண்டு அந்த முடிவை எடுக்க முடியாது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 நொடிக்குள் என்றால் மின்னல் 10 கி.மீ. தூரத்துக்குள் வந்துவிட்டது. உடனே முகட்டிலிருந்தும் தனிமரத்திடமிருந்தும் விலகி இறங்குங்கள், ஒருவருக்கொருவர் இடைவெளி விடுங்கள், சங்கிலி ஏணியைத் தொடாதீர்கள். கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் காத்திருங்கள்.

மிக மெதுவாக நடப்பவன் முன்னால். எங்களிடம் இதற்கு விதிவிலக்கே இல்லை. வேகமானவன் முன்னால் போனால், அவன் நின்று ஓய்வெடுப்பான். மெதுவானவன் வந்துசேரும்போது ஓய்வு முடிந்து எல்லாரும் எழுந்துவிடுவார்கள். அவனுக்கு நாள்முழுதும் ஓய்வே கிடைக்காது. முன்னால் விட்டால் அவன் நடையே எல்லாருக்கும் நடை, தான் பாரம் என்ற நினைப்பு அவனுக்கு வராது.

மலைமுகட்டில், குறிப்பாக ஏணிக்கு மேல் உள்ள சமவெளியில் கூடாரத் திருட்டு நடந்திருக்கிறது. அங்கே இரவு தங்குவதென்றால் உள்ளூர் வழிகாட்டியோடு போங்கள். காலணியைக் கூடாரத்துக்குள் வையுங்கள்.

பேச்சும் மௌனமும்

மலையில் கேட்டது மலையோடு. மனைவியிடமும் சொல்லக் கூடாது. எங்கள் குழுவில் ஒருவர் விவாகரத்தையும் ஒருவர் கடனையும் முதலில் சொன்னது நடைபாதையில்தான். கீழே அதைப் பற்றி யாரும் அவர்களாக எடுக்கும்வரை எடுக்கவில்லை.

கேட்காமல் அறிவுரை சொல்லாதீர்கள். நம் ஆண்களுக்கு இது பெரிய பாடம். ஒருவன் கஷ்டத்தைச் சொன்னதும் வக்கீல் பெயர், டாக்டர் பெயர், ஜாதகக்காரர் பெயர் என்று அடுக்கிவிடுவோம். "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். மீதி தானாக வரும். மனம் உடைந்தவன் வருகிற வருடம் அவனுக்கு மிக நெருங்கியவன் அவன் பின்னாலேயே நடக்கட்டும். பேசினால் கேட்க ஒருவன் அருகில் இருக்கிறான், பேசாவிட்டாலும் இருக்கிறான்.

ஒன்றை மட்டும் ரகசியமாக வைக்கக் கூடாது. ஒருவன் வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால், அதை விளையாட்டாக எடுக்காமல் நேராகக் கேளுங்கள்: "உயிரை விடுற எண்ணம் இருக்கா?" கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அவனைத் தனியாக விடாமல் கீழே கூட்டிவந்து, வீட்டாரிடம் சொல்லி, டாக்டரிடமோ சடாக் என்ற தென்னாப்பிரிக்க மனநல அமைப்பின் உதவித் தொலைபேசியிலோ அன்றே பேசவையுங்கள்.

சண்டை வரும். பசியிலும் களைப்பிலும் வருவதுதான் அதிகம், அதனால் முதலில் எதையாவது சாப்பிடக் கொடுங்கள். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் இருவரும் சேர்ந்து தண்ணீர் எடுக்கப் போகட்டும். சண்டையோடு வண்டி ஏற விடாதீர்கள். டர்பன்வரை நான்கு மணி நேரம் அது ஊறினால் வருடம்முழுதும் நிற்கும்.

வருடங்கள் போனால்

முட்டி போகும். அப்போது அவனை வீட்டில் விட்டுப் போவதுதான் பெரும்பாலான குழுக்கள் முடியும் இடம். அவனுக்காகப் பாதையைத் தாழ்த்துங்கள். அதே மலைத்தொடரில் ஜயன்ட்ஸ் காசிலில் பாறை ஓவியக் குகைவரை எளிய நடை உண்டு. முன்பதிவு செய்தால் தாடிக் கழுகுகளைப் பார்க்கும் மறைவிடத்துக்கு வண்டியில் கூட்டிப்போவார்கள். இல்லையென்றால் அவன் அடிவாரத்தில் முகாம் பார்த்துக்கொள்ளட்டும், வண்டியும் மாலைச் சமையலும் அவன் பொறுப்பு. நாங்கள் ஏறி இறங்கும்வரை சோற்றைச் சூடாக வைத்துக் காத்திருப்பவனும் பயணம் போனவன்தான்.

வெளிநாடு போனவனின் மாதத் தொகையை நிறுத்தாதீர்கள், அவன் விரும்பினால் பாதியாக்குங்கள். பணம் வந்துகொண்டிருக்கும்வரை அவன் குழுவில் இருக்கிறான். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பணம் அவன் டிக்கெட்டாகட்டும்.

ஒருவர் இறந்துபோனால், அந்த வருடப் பயணத்தை ரத்து செய்யாதீர்கள். அவருடைய பங்குப் பணத்தை அவர் மனைவியிடம் ஒப்படையுங்கள். பிள்ளைகள் வளர்ந்ததும் அழைப்பு போகும் என்று சொல்லிவையுங்கள், சொன்னபடி செய்யுங்கள்.

மகன்கள் பதினாறு வயதுக்கு மேல் வரலாம், மகள்களுக்கு ஆசையென்றால் அவர்களுக்கென்று தனியாக ஒரு பயணம் வையுங்கள், அதுவும் வேண்டும். ஆனால் ஒன்று: மகன் தன் அப்பாவின் கூடாரத்தில் படுக்கக் கூடாது. வேறொரு மாமாவோடு படுக்கட்டும், அவரோடு சேர்ந்து சமைக்கட்டும், தூனியில் அவருக்குக் கூட்டாளியாக ஆடட்டும். அப்பாவிடம் சொல்ல முடியாததை அவரிடம் சொல்வான். அவரும் அவன் அப்பா இருபது வயதில் எப்படி இருந்தார் என்று அவனுக்குச் சொல்வார்.